டீமன்: பேய் இல்லை, ஏவல்

விண்டோஸில் அப்பாச்சி என்ற வலை சர்வர் ஒரு சர்வீஸாக, அதாவது பின்னால் ஓடும் நிரலாக, ஓடும்போது, அது இயக்கும் பிஎச்பி ஸ்கிரிப்டில் எக்ஸெக் (வேறு நிரலை இயக்கும் கட்டளை) போட்டு நோட்பேடைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திரையில் ஒன்றும் வராது. பிரௌசர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அங்கே நோட்பேட் இருக்கும்! விண்டோஸ் விஸ்டா முதல் சர்வீஸ்கள் எல்லாம் செஷன் 0 என்ற தனி அறையில் ஓடுகின்றன. நாம் பார்க்கும் திரை வேறு செஷன். கண்ணில் படாததால் யாரும் மூடாத அந்த நோட்பேட் முடியட்டும் என்று ஸ்கிரிப்ட் காத்துக் கிடக்கிறது.

இப்படித் திரையும் கீபோர்டும் இல்லாமல், பின்னால் காத்திருந்து வேலை செய்யும் நிரலுக்கு யூனிக்ஸ் உலகில் டீமன் என்று பெயர். அப்பாச்சி நிரலின் பெயரே எச்டிடிபிடி; கடைசி ‘டி’ டீமன்தான்.

1963 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், புராஜெக்ட் மேக் என்ற கணினி ஆய்வுக் குழுவில் ஐபிஎம் 7094 கணினியோடு மல்லாடியவர்கள் வைத்த பெயர் இது. அந்தக் குழுவின் பெர்னாண்டோ கோர்பட்டோவே பின்னாளில் காரணம் சொன்னார்: மேக்ஸ்வெல்லின் பூதம் (ஆங்கிலத்தில் மேக்ஸ்வெல்ஸ் டீமன்). இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1867இல் கற்பனை செய்த அந்தக் குட்டி உயிர், வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்பும். எம்ஐடியின் முதல் டீமன் செய்த வேலை, கோப்புகளைத் தானாக டேப்பில் நகலெடுப்பது.

கிரேக்கத்தில் தைமோன் என்றால் தெய்வத்துக்கும் மனிதருக்கும் நடுவே நிற்கும் ஆவி. கெட்டது என்ற பொருள் கிறிஸ்தவ வழக்கில் பின்னால் ஏறியது. ஆகவே ‘பேய்’ என்று மொழிபெயர்ப்பது பிழை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பின்னணி நிரல்’ தப்பில்லை, ஆனால் போதாது. ஜன்னலைச் சுருக்கிவிட்டுப் பாட்டுக் கேட்டால் அதுவும் பின்னணியில் ஓடுவதுதானே? கட்டளைக்குக் காத்திருப்பது அந்தச் சொல்லில் இல்லை.

நான் எழுதுவது ‘ஏவல்நிரல்’. ‘வா’, ‘செய்’ என்பவை இலக்கணத்தில் ஏவல் வினைகள். குற்றேவல் என்றால் சின்னச் சின்னப் பணிவிடை. ஊரில் பில்லி, சூனியம், ஏவல் என்று அடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் அனுப்பிவைக்கும் சக்தி. கட்டளை, பணி, கண்ணில் படாத ஆள் என மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. கிரேக்கச் சொல்லில்கூட கட்டளை இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்து வையுங்கள். லினக்ஸில் ஸ்கிரிப்டிலிருந்து ஒரு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லி, வெளியீட்டை டெவ்-நல் (எதைப் போட்டாலும் காணாமல் போகும் இடம்) பக்கம் திருப்பி, வரியின் கடைசியில் & போட்டால் பிரௌசர் காத்திருக்காது; வேலை பின்னால் நடந்து முடிந்துவிடும். அது ஏவல்நிரல் இல்லை, வெறும் பின்னணி வேலை. அதை அனுப்பிவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கிற அப்பாச்சிதான் ஏவல்நிரல்.