மைக்ரோவும் மேக்ரோவும் முடித்தாச்சு, ஆனாலும் ஒரு பாடம் பாக்கி

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கோ (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கால் ஸ்டேட்டுக்கோ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) மாறலாம் என்று கணக்குப் போடும் வீடுகளுக்காக இது. 2025 ஃபால் செமஸ்டர் முதல் இரண்டுக்கும் சேர்த்து கால்-கெட்சி (Cal-GETC) என்று ஒரே பொதுப்பாடப் பட்டியல், மொத்தம் 34 யூனிட். சமூக அறிவியல் அதில் ஏரியா 4: இரண்டு பாடம், ஆறு யூனிட். பார்க்க ரொம்பச் சின்ன விஷயம்.

ஆனால் அந்த இரண்டும் வெவ்வேறு துறையாக இருக்கவேண்டும். நண்பரின் மகள் பிசினஸ் மேஜர், அதற்கு மைக்ரோ எகனாமிக்ஸ், மேக்ரோ எகனாமிக்ஸ் இரண்டும் வேண்டும், இரண்டும் ஏரியா 4 பட்டியலிலும் இருக்கின்றன, சரி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று இருந்துவிட்டாள். இரண்டுமே எகனாமிக்ஸ், ஒரே துறை. மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த அரைமணி நேரத்தில் கவுன்சலரும் டிக் போட்டுவிட்டார். கடைசி செமஸ்டரில்தான் யாரோ கண்டுபிடித்தார்கள். அவசர அவசரமாக வேறொரு காலேஜில் ஆன்லைனில் சோஷியாலஜி எடுத்தாள். டிக் போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டணம் இவள் தலையில். ஏபி தேர்விலும் (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) இதே குழிதான், இரண்டு எகனாமிக்ஸ் ஏபி இருந்தாலும் துறை ஒன்றுதான். சைக்காலஜி மாதிரி இன்னொன்று வேண்டும். ஏபி மார்க்கை, அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மதிக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு பாடத்திலும் சி மைனஸ் கிரேடு செல்லாது, குறைந்தது சி வேண்டும். எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்க இனச் சிறுபான்மையினரைப் பற்றிய பாடம்) தனி ஏரியா, ஒரே பாடத்தை இரண்டு ஏரியாவிலும் காட்ட விடமாட்டார்கள். ஊரில் பாதி டிகிரி முடித்துவிட்டு வந்தவர்கள் கவனியுங்கள்: இந்தியக் கல்லூரியில் படித்த பாடம் கால்-கெட்சிக்குச் சேராது, எவ்வளவு நல்ல மார்க்காக இருந்தாலும் சரி.

கால் ஸ்டேட் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. அமெரிக்க வரலாறு, அரசியலமைப்பு, மாநில அரசு, உள்ளாட்சி அரசு இதெல்லாம் பட்டம் வாங்க வேண்டிய தனி நிபந்தனை, ஏரியா 4 முடித்தாலும் இது பாக்கி நிற்கும். ஏபி கவர்ன்மென்ட் எழுதியவர்களுக்குக்கூட கலிஃபோர்னியா அரசு பற்றிய பகுதி பாக்கிதான். அதனால் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே அமெரிக்க வரலாறும் அமெரிக்க அரசாங்கமும் எடுத்தால் பல காலேஜ்களில் ஏரியா 4-ம் முடியும், இதுவும் முடியும். துறையும் இரண்டாகிவிடும்.

எல்லாம் முடித்த பிறகும் சான்றிதழ் தானாக வராது. கால்-கெட்சி சர்டிஃபிகேஷன் என்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், பொதுவாகக் கடைசியாகப் படித்த காலேஜில். முன்பு படித்த காலேஜ்களின் டிரான்ஸ்கிரிப்டும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அது வரவில்லை என்று உங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவார்கள் என்று நம்பாதீர்கள்.

பாடம் எடுப்பதற்கு முன் எந்தக் காலேஜின் எந்தப் பாடம் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) தளத்துக்குப் போய், உங்கள் காலேஜ், நீங்கள் படிக்கும் கல்வியாண்டு, இரண்டையும் போட்டுப் பாருங்கள். அந்த வருடப் பட்டியலில் இருந்தால்தான் செல்லும். அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சலர் வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு ஈமெயிலாக எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று கேட்டு பதில் வாங்கிவிடுங்கள்.