கேமில் வில்லாளிக்கு இரண்டாவது ஆயுதம் எது? ஓர் இயன்மருத்துவரின் பதில்

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், வெள்ளவத்தையில் எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு முன்கையைப் பிடித்துக்கொண்டு பொடியன்கள் வருவார்கள். கூட வரும் அம்மா, "கொம்பியூட்டரைப் பூட்டி வச்சா எல்லாம் சரியாப் போகும், மிஸ்" என்பார். நான் பொடியனைப் பார்த்து, "தம்பி, வில்லா வாளா?" என்று கேட்பேன். அம்மாவுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் காணும்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த கேம், இன்னும் பலர் விட்டபாடில்லை. மவுஸின் இடது பட்டனை அழுத்திப் பிடித்தால் நாண் இழுபடும், விட்டால் அம்பு போகும். வில் திறன் 30ஐ எட்டி 'ஈகிள் ஐ' என்ற பெர்க்கை (புள்ளி கொடுத்து எடுக்கும் கூடுதல் ஆற்றல்) எடுத்துவிட்டால், குறியைப் பெரிதாக்க வலது பட்டனையும் பிடிக்க வேண்டும். எதிரி தலையை நீட்டும்வரை சுட்டுவிரலும் நடுவிரலும் அழுத்தியபடியே நிற்கும். விரலை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது முன்கையில். சுருங்கிய தசை தளராமல் அப்படியே நின்றால் அதற்குள் இரத்த ஓட்டம் குறையும், உளைவு தொடங்கும்.

இந்தக் கையோடுதான் இரண்டாவது ஆயுதத்துக்கு மாறுகிறோம். எல்லாரும் சொல்லும் பதில் குத்துவாள். கணக்கும் அதன் பக்கம்தான்: பதுங்கல் திறன் 50இல் கிடைக்கும் 'அசாசின்ஸ் பிளேட்' எடுத்தால், பதுங்கிப் போய்க் குத்தும் குத்து 15 மடங்கு விழும். வில்லுக்கு 'டெட்லி எய்ம்' எடுத்தாலும் 3 மடங்குதான். ஆனால் வில்லாளி பெரும்பாலும் எப்போது ஆயுதம் மாற்றுகிறான்? எதிரி கண்டுவிட்ட பிறகு, பக்கத்தில் வந்து நின்ற பிறகு. அப்போது அந்த 15 மடங்கு கிடையாது. கையில் மிஞ்சுவது எட்டமும் இல்லாத, அடியும் குறைந்த ஒரு சின்னக் கத்தி. அதை ஈடுகட்டப் பொடியன் படபடவென்று கிளிக் பண்ணுகிறான், இவ்வளவு நேரம் நாணைப் பிடித்திருந்த அதே சுட்டுவிரலால்.

குத்துவாளை எறியச் சொல்லவில்லை. பதுங்கிப் போகும்போது மட்டும் எடுங்கள், நேருக்கு நேர் நிற்கும்போது ஒற்றைக்கை வாளோ கதாயுதமோ இருக்கட்டும். அடியைக் கூட்டும் 'ஆம்ஸ்மன்' பெர்க் எல்லா ஒற்றைக்கை ஆயுதங்களுக்கும் பொது என்பதால், குத்துவாளை நம்பி அதில் போட்ட புள்ளி வீண்போகாது. அடி சற்று மெதுவாக விழும். விரலுக்கு வேண்டியதும் அதுதான். இரட்டைக்கைச் சம்மட்டி இன்னும் நல்லதல்லவா என்று ஒரு தம்பி கேட்டான். கிளிக் குறையும், உண்மை. ஆனால் அது தனித் திறன், அங்கே போடும் புள்ளியெல்லாம் வில்லிலிருந்து பிடுங்கியது. கேடயத்தை நான் சிபாரிசு செய்வதே இல்லை. தடுப்பதற்கு வலது பட்டனைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், நடுவிரலுக்கு மறுபடியும் அதே தண்டனை.

கொன்ட்ரோலர்காரர்களுக்கு நோவு வேறு இடத்தில், பெருவிரலடியில். 2022இல் வந்த எல்டன் ரிங் கேமில் சாமுராய் வகைப் பாத்திரம் தொடக்கத்திலேயே நீள்வில்லும் உச்சிகத்தானா என்ற வாளும் கொண்டு வருகிறான். வில்லுக்கு டெக்ஸ்டெரிட்டி (கைலாவகம்) 14, வாளுக்கு 15 வேண்டும் என்பதால், ஏற்றும் புள்ளி இரண்டுக்கும் உதவும். இதைவிடப் பொருத்தமான சோடி தேட வேண்டியதில்லை. சிக்கல் மாற்றுவதில். இரண்டையும் வலக்கையில் வைத்தால் டி-பாடை (திசைப் பட்டன்களை) அழுத்தித்தான் மாற்றலாம். ஓடுவதற்கான ஸ்டிக்கும் டி-பாடும் ஒரே இடது பெருவிரலுக்குக் கீழ். ஓடிக்கொண்டே மாற்றுவதற்காகச் சிலர் சுட்டுவிரலைக் கொக்கிபோல் வளைத்து மேலிருந்து டி-பாடை அழுத்துகிறார்கள், அதற்காக மணிக்கட்டும் திரும்புகிறது. வாளை வலக்கையிலும் வில்லை இடக்கையிலும் வையுங்கள். பிளேஸ்டேஷனில் முக்கோணப் பட்டனைப் பிடித்தபடி எல்1 அழுத்தினால் வில் இரு கைக்கும் வந்துவிடும், டி-பாட் பக்கமே போக வேண்டாம்.

டயப்ளோ 4 கேமின் ரோக் என்ற பாத்திர வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. வில்லும் இரண்டு கத்திகளும் உடம்பிலேயே இருக்கும், எந்தத் திறனை அழுத்துகிறீர்களோ அதற்குரிய ஆயுதம் தானாக வரும்.

ஆயுதத்தை மாற்றித் தீராதவையும் இருக்கின்றன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து இரவில் எழுப்பினால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சின்னவிரல் பக்கம் மரத்தால் முழங்கையைப் பார்ப்போம், அல்னர் நரம்பு அங்கே தோலுக்குக் கிட்டவே ஓடுகிறது. எங்கள் ஃபிளாட்களில் சாப்பாட்டு மேசைதானே கேம் மேசையும். அதன் விளிம்பில் முழங்கையை மணிக்கணக்காக ஊன்றினால் நரம்பு சும்மா இருக்காது. மரத்துப்போதல் விடாமல் இருந்தாலோ பிடி தளர்ந்து கோப்பை நழுவினாலோ தைலம் பூசிக்கொண்டு காத்திருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

ஸ்கைரிம்காரர்களுக்கு இன்னொன்று. ஃபேவரிட்ஸ் பட்டியலில் ஆயுதத்தின் மேல் நின்று 1 முதல் 8 வரை ஓர் எண்ணை அழுத்தினால் அது அந்த விசைக்குப் பதிவாகும். வில்லை 1இலும் வாளை 2இலும் வையுங்கள். 7, 8இல் வைத்தால் ஒவ்வொரு சண்டையிலும் இடக்கை விசைப்பலகையைத் தாண்டி எட்டிப் பாய வேண்டும்.