மூலினே: தமிழில் பிரிநூல்

எம்பிராய்டரி செய்பவர்களிடம் டி.எம்.சி. நூல் என்றால் உடனே புரியும். இரண்டு பக்கமும் காகிதப் பட்டை கட்டிய, எட்டு மீட்டர் நீளமுள்ள சின்னச் சிட்டம். பட்டையில் ஒரு நிற எண் இருக்கும். 310 என்றால் கறுப்பு, 321 என்றால் சிவப்பு. அதோடு ‘மூலினே ஸ்பெசியால்’ என்ற பிரெஞ்சுப் பெயரும் இருக்கும். நிற எண்ணை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட இந்தப் பெயரைக் கவனிப்பதில்லை. நூலின் இயல்பு முழுவதும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

பிரெஞ்சில் ‘மூலேன்’ என்றால் ஆலை, முதலில் மாவாலை. லத்தீனில் திரிகைக் கல்லைக் குறிக்கும் ‘மோலா’ அதன் வேர். பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கும் பொறியும் சுழல்வதுதான், அதையும் பெரும்பாலும் ஆற்றுநீரே ஓட்டியது. அதனால் அதற்கும் ‘மூலேன்’ என்றே பெயர் வந்தது. அதிலிருந்து ‘மூலினே’ என்ற வினை பிறந்தது: பட்டு இழையை முறுக்கு என்று பொருள். அப்படி முறுக்கியது மூலினே. பட்டுத் தொழிலில் பிறந்த இந்தச் சொல் பின்னால் பருத்திக்கும் வந்து சேர்ந்தது.

அதைப் பருத்தி நூலின் பெயராக உலகமெங்கும் கொண்டுபோனது டோல்ஃபுஸ்-மீக், அதாவது டி.எம்.சி. நிறுவனம். நூலுக்கு முன்பு அவர்கள் செய்த தொழிலுக்கும் நம் கடற்கரைக்கும் உண்மையான தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன வண்ணத் துணிகளுக்கு ஐரோப்பாவில் பெரிய மோகம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை ‘இந்தியத் துணி’ என்ற பொருளில் ‘அந்தியேன்’ என்றார்கள். உள்ளூர் நெசவைக் காக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு 1686இல் அவற்றைத் தடை செய்தது. 1759 வரை தடை நீடித்தது. ஆனால் மூலூஸ் நகரம் அப்போது பிரான்சில் இல்லை. சுவிஸ் நாட்டோடு கூட்டு வைத்திருந்த தனிக் குடியரசு அது, தடை அங்கே செல்லாது. 1746இல் ழான்-ஆன்ரி டோல்ஃபுஸ் இரண்டு கூட்டாளிகளோடு அங்கே துணி அச்சடிக்கும் பட்டறை தொடங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1742இல், கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், சாயவேரால் துணிக்குச் சிவப்பு ஏற்றுவது முதலான நம் சாயத் தொழிலாளர்களின் முறைகளை இந்தக் கரையிலிருந்து கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தார். ஐரோப்பா நம்மிடம் எவ்வளவு ஆவலோடு கற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கடிதம் நேர்ச் சான்று.

மூலூஸ் 1798இல் பிரான்சோடு இணைந்தது. 1800இல் தானியேல் டோல்ஃபுஸ், ஆன்-மரி மீக்கை மணந்து தன் பெயரோடு மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். டோல்ஃபுஸ், மீக், கொம்பனி என்ற மூன்றின் முதலெழுத்துகளே டி.எம்.சி. துணி அச்சிலிருந்து தையல் நூலுக்கு அவர்கள் வந்தது 1841இல்.

நூலுக்குப் பளபளப்பு வந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் அது வலுவடைகிறது, சாயத்தையும் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டு 1850இல் காப்புரிமை பெற்றார். ஆனால் நனைந்த பருத்தி சுருங்கியது, பளபளப்பும் வரவில்லை. சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்து நனைத்தால் பட்டுபோல மின்னும் என்று 1890இல் ஹொரேஸ் லோ காட்டினார். மெர்சரைஸ் செய்த நூல் என்பது இதுதான். பருத்தியில் பட்டின் மினுக்கம் வந்துவிட்டதால், பட்டுக்குரிய மூலினே என்ற பெயர் பருத்திக்கும் பொருந்திவிட்டது.

தெரேஸ் த தில்மோன் இல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ஆஸ்திரியாவில் பிறந்தவர். 1884இல் மூலூசை அடுத்த தோர்னாக்கிற்கு வந்து அங்கே பூத்தையல் கூடம் நடத்தினார். டி.எம்.சி.யோடு சேர்ந்து 1886இல் அவர் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியம் பல மொழிகளுக்குப் போனது. எந்தத் தையலுக்கு எந்த நூல், என்ன பருமன் என்று படத்தோடு சொன்ன புத்தகம் அது. பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காத்துவந்த அறிவை ஒழுங்காக எழுதிவைத்ததற்காகவே அவரை மறக்கக் கூடாது.

1961இல் லீல் நகரத்து தீரியே, கார்த்தியே-பிரெஸ்ஸோன் நூல் நிறுவனத்தோடு டி.எம்.சி. இணைந்தது. சிட்டத்தில் இருக்கும் குதிரைத் தலை தீரியேயிடமிருந்து வந்தது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்றதும் புகைப்படக் கலைஞர் நினைவுக்கு வந்தால், ஆமாம், அதே குடும்பம்தான். 1950இல் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் கேமராவோடு இருந்த ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் நூல் முதலாளிகள் வீட்டுப் பிள்ளை.

வீட்டில் தைப்பது குறையக் குறைய நிறுவனமும் சரிந்தது. 2008இல் கடன் தீர்க்க முடியாமல் நீதிமன்றம் வரை போனது. உரிமை கைமாறியது, 2016இல் மறுபடியும் கைமாறியது. மூலூசின் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் இப்போது கலைஞர்களின் பணிக்கூடங்கள் இருக்கின்றன. ஆனாலும் நூல் நிற்கவில்லை. கிராஸ் ஸ்டிச் மீது இளைஞர்களுக்குப் புதிதாக ஆர்வம் வந்தது. 2017இல் ஒரேயடியாக 35 புது நிறங்களைச் சேர்த்து மூலினே நிற அட்டையை 500க்குக் கொண்டுவந்தார்கள். நிறுவனத்தைப் பிழைக்க வைத்தது இந்த ஒரு நூல்தான் என்பது என் எண்ணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எம்பிராய்டரி நூல்’ போதாது, அதில் பல வகை உண்டு. ‘முறுக்கு நூல்’ என்றால் நேர்மொழிபெயர்ப்பு, ஆனால் எல்லாத் தையல் நூலும் முறுக்கியதுதான். மூலினேயில் ஆறு இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குள் நன்றாக முறுக்கேறியது, ஆறும் சேரும்போது மட்டும் தளர்வாகச் சேர்கின்றன. முழங்கை அளவுக்கு வெட்டி, ஒரே ஒரு இழையின் நுனியைப் பிடித்து நேராக மேலே உருவினால் அது தனியே வரும், மற்றவை சுருண்டு மறுபடி நேராகும். இரண்டு மூன்றைச் சேர்த்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஆறையும் வைத்துத் தைப்பதானாலும் ஒவ்வொன்றாக உருவி மறுபடி சேர்த்துக்கொண்டால் தையல் துணியில் படர்ந்து நிற்கும்.

இதற்கு ‘பிரி’ என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. வைக்கோற்பிரி, பானை வைக்கும் பிரிமணை, மூன்று பிரிக் கயிறு எல்லாவற்றிலும் வருவது அதுதான். முறுக்கு, முறுக்கிய இழை என்று பொருள். ‘முப்புரிநூல்’ என்பதில் உள்ள ‘புரி’யும் இதுவும் ஒன்றே. பேச்சில் உகரம் இகரமாகிவிட்டது. பிரித்தல் என்ற வினை வேறு சொல்தான், ஆனால் ஒலி ஒன்றாக இருப்பது இங்கே நமக்கு உதவுகிறது. பிரிகளால் ஆன நூல், பிரிக்கக்கூடிய நூல் என்று இரண்டையும் ‘பிரிநூல்’ சொல்லிவிடுகிறது. அதனால் மூலினேக்கு பிரிநூல் என்பதே சரியான தமிழ். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணிக்கு ‘இரண்டு பிரியில் தைக்கவும்’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டர் பின்னுபவர்களும் துணி ஆலைக்காரர்களும் மூலினே என்றால் இரண்டு நிற இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலைச் சொல்வார்கள். அதை யாரும் பிரித்துத் தைப்பதில்லை. அதற்கு ‘இருநிற முறுக்குநூல்’ என்று எழுதலாம்.