கட்டுப்பாட்டுக்குரிய மருந்து

'போதைப்பொருள் பரிந்துரைக்கும் மருத்துவர்களுக்கு 8 மணி நேரப் பயிற்சி கட்டாயம்.' அமெரிக்காவில் 27 ஜூன் 2023 முதல் நடப்பில் உள்ள ஒரு விதியைத் தமிழில் இப்படித்தான் எழுதுகிறார்கள். நான்காவது முறை படித்தபோது பொறுமை போய்விட்டது. மருத்துவர் போதைப்பொருள் எழுதிக்கொடுப்பாரா? கொடுத்தால் அவருக்குத் தேவை பயிற்சியா, கைவிலங்கா?

மூலத்தில் உள்ள சொல் 'கண்ட்ரோல்ட் சப்ஸ்டன்ஸ்'. 'கண்ட்ரோல்' இடைக்கால லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ப்பதிவேடு என்பது அதன் பழைய பொருள். வேர் நமக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறது: இது தடை பற்றிய சொல் அல்ல, கணக்குப் பற்றிய சொல். யார் எழுதினார், யார் வாங்கினார், எவ்வளவு என்று பதிவு இருக்க வேண்டிய பொருள்.

1970-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இவற்றை ஐந்து பட்டியல்களாகப் பிரித்தது. முதல் பட்டியலில் ஹெராயின் போன்றவை. அவற்றை யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. மற்ற நான்கும் மருத்துவத்தில் அன்றாடம் புழங்குபவை. புற்றுநோய் வலிக்கு மார்பின், கவனக்குறைபாட்டுக்கு மெத்தில்பெனிடேட், பதற்றத்துக்கு அல்பிரசோலம், வலிப்புக்கு பீனோபார்பிட்டால். மூன்றாம் பட்டியலில் டெஸ்டோஸ்டிரோன்கூட இருக்கிறது. ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு யாருக்காவது போதை ஏறியதுண்டா? மறுபக்கம், மதுவையும் புகையிலையையும் அதே சட்டம் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. போதை தராதது உள்ளே, போதை தருவது வெளியே. இதற்குப் 'போதைப்பொருள்' என்று பெயர் வைத்தால் வலியில் துடிக்கும் நோயாளி மார்பின் மாத்திரையைத் தொடவே அஞ்சுவார்; அவர் வீட்டார் இன்னும் அஞ்சுவார்கள்.

இத்தனைக்கும் இந்தக் குழப்பம் ஆங்கிலத்தின் குறை. அங்கே 'டிரக்' என்ற ஒரே சொல் மருந்துக்கும் போதைப்பொருளுக்கும் மாரடிக்கிறது. நம்மிடம் இரண்டு சொற்கள் தனித்தனியே இருக்கின்றன. கையில் இருக்கும் வசதியைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்கள் குழப்பத்தை இரவல் வாங்குவானேன்?

'தடைசெய்யப்பட்ட மருந்து' என்பாரும் உண்டு. தடைசெய்ததை எப்படி எழுதிக்கொடுப்பது என்று எழுதியவரே யோசிக்கவில்லை. கொஞ்சம் கவனமானவர்கள் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்கிறார்கள். தீ கட்டுப்படுத்தப்பட்டது, கூட்டம் கட்டுப்படுத்தப்பட்டது என்றால் அடங்கிவிட்டது என்றே தமிழ்க் காது கேட்கும். இங்கே எதுவும் அடங்கவில்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வினையைக் கண்டதும் 'பட்ட' ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

நான் முதலில் 'கட்டுப்பாட்டு மருந்து' என்று எழுதிவந்தேன். 'கட்டுப்பாட்டு அறை என்றால் கட்டுப்படுத்தும் அறை. இதுவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மருந்து மாதிரி ஆகிவிடாதா?' என்று நண்பர் மடக்கினார். நியாயந்தான். 'தண்டனைக்குரிய குற்றம்' என்று சட்டத் தமிழில் ஏற்கெனவே ஓர் அச்சு இருக்கிறது. அதில் வார்த்தால் 'கட்டுப்பாட்டுக்குரிய மருந்து'. முதல் பட்டியலையும் சேர்த்துச் சட்டம் பேசும் இடத்தில் மட்டும் 'கட்டுப்பாட்டுக்குரிய பொருள்' எனலாம். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கு இது பொருந்தாது. அங்கே அதே ஆங்கிலச் சொல் அசிட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற, போதைப்பொருள் தயாரிக்க உதவும் வேதிப்பொருள்களைக் குறிக்கிறது.

'பரிந்துரை'யும் எனக்கு உடன்பாடில்லை. பரிந்துரைப்பது ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. ஏற்பதும் விடுவதும் கேட்பவர் விருப்பம். மருந்துச்சீட்டு அப்படியல்ல. 'டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்' என்று எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறோம். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் 'முன்னெழுதுதல்' தான்.

பயிற்சி எதில் என்ற இடத்தில்தான் வேடிக்கை உச்சத்துக்குப் போகிறது. ஓபியாய்டு (ஹெராயின், மார்பின் போன்ற அபின் வகைப் பொருள்கள்) முதலியவற்றுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தருவதில்தான் அந்த 8 மணி நேரம். அதை 'பொருள் பயன்பாட்டுக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். எந்தப் பொருள்? நாற்காலியா? போதை என்ற சொல் வரவே கூடாத இடத்தில் அதைப் போட்டார்கள். வர வேண்டிய ஒரே இடத்தில் எடுத்துவிட்டார்கள். 'போதைப் பழக்க நோய்' என்றால் யாருக்குப் புரியாது?

'மருத்துவர்களுக்கு' என்பதும் அரைகுறை. பல் மருத்துவருக்கும், மருந்து எழுத உரிமை பெற்ற செவிலியருக்கும் இதே விதி. கால்நடை மருத்துவருக்கு மட்டும் விலக்கு. இம்மருந்துகளை எழுத அரசிடம் பதிவு எடுக்கும்போதோ அதைப் புதுப்பிக்கும்போதோ பயிற்சி முடித்ததாக ஒருமுறை உறுதி கூறினால் போதும். ஆக, அந்த வாக்கியம் இப்படி இருந்திருக்க வேண்டும்: 'கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளை எழுதுவோர் போதைப் பழக்க நோய்ச் சிகிச்சையில் 8 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும்.'