துக்கம் ஆறுவதற்கு ஏன் இத்தனை நாள்?

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஏதோ நல்ல செய்தி வருகிறது. அவரிடம் சொல்லலாம் என்று கை தானாகப் போனை எடுத்து அவர் பெயரைத் தேடுகிறது. பெயர் கண்ணில் பட்ட பிறகுதான் உறைக்கிறது. நெஞ்சுக்குள் ஏதோ சரிகிறது.

இதை மறதி என்று நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்பவர்கள் உண்டு. மறதி இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எந்நேரமும் கணித்துக்கொண்டிருப்பது மூளையின் வேலை. பல வருடம் கூடவே இருந்தவர் எப்போது வருவார், கூப்பிட்டால் எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் ஊறிப்போயிருக்கும். மரணம் ஒரு நாளில் நடந்துவிடுகிறது. கணக்கு ஒரு நாளில் மாறாது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மேரி பிரான்சிஸ் ஓ'கானர் துக்கத்தையே ஒரு வகைக் கற்றல் என்கிறார். எதிர்பார்த்து ஏமாறும் ஒவ்வொரு முறையும் கணக்கு கொஞ்சம் திருத்தப்படுகிறது. வலிக்கிற அந்த நொடியில்தான் திருத்தமும் நடக்கிறது.

இதை அவசரப்படுத்த முடியாததற்கு எனக்குத் தோன்றும் காரணம் மிக எளியது. பிறந்தநாள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அவர் இல்லாத பிறந்தநாள் எப்படி இருக்கும் என்பதை அதற்கு முன்னால் எப்படிக் கற்றுக்கொள்வது?

உடம்பின் கணக்கு இதைவிடச் சின்னது. அழுகை பொங்கும்போது ஏறும் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சில நிமிடங்களில் குறைந்துவிடும். இன்னொரு ஹார்மோனான கார்டிசால் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம் போல ஆகும். உச்சத்திலேயே நிற்க உடம்பால் முடியாது. அப்புறம் ஏன் நாள் முழுக்கக் கனக்கிறது? அதே நினைவை மனம் திரும்பத் திரும்பக் கிளறுவதால். 2015இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று 27 உணர்ச்சிகளை ஒப்பிட்டது. மிக நீண்ட நேரம் நீடித்தது சோகம்தான். பெரிய இழப்புகளோடு வருவதாலும், அசைபோட வைப்பதாலும் அது நீள்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள்.

மறுப்பு, கோபம் என்று வரிசையாக ஐந்து படி ஏறி முடித்தால் துக்கம் தீரும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் அந்த நிலைகளை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பற்றி! எனக்குப் பொருத்தமாகப் படுவது 1999இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது. மனம் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். காலையில் அழுதவர் மத்தியானம் ஒரு ஜோக்குக்குச் சிரிப்பதும், சாயங்காலம் மறுபடி அழுவதும் அந்த ஊசலாட்டம்தான். சிரித்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

சிலருக்கு ஊசல் ஒரு பக்கமே நின்றுவிடுவதும் உண்டு. ஒரு வருடம் கடந்தும் அநேகமாகத் தினமும் அதே தீவிரம், அன்றாட வேலை எதுவும் ஓடவில்லை என்றால், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022 முதல் அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கிறது. அதற்கென்றே உருவான பேச்சு சிகிச்சை இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் 'இன்னும் கொஞ்ச நாள் பொறு' என்று சொல்லிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகலாம்.