நாளைய வரிப்பணத்தில் இன்றைய தடுப்பூசி

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தடுப்பூசிக்குப் போய் அரசுகள் கடன் வாங்கலாமா? வட்டி வேறு கட்ட வேண்டுமே?" நல்ல கேள்வி. பதில், கிருமி பரவும் கணக்கில் ஒளிந்திருக்கிறது.

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரி வசூலாகும், பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்குவார்கள், ஆண்டு முடிவதற்குள் செலவழித்துவிட்டு மறுபடி கேட்டு நிற்க வேண்டும். கொள்ளைநோய் வந்தால் பணம் கொட்டும், அது அடங்கியதும் முதல் வெட்டு விழுவதும் இங்கேதான்.

இப்போது தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்தில், நோய் வந்த ஒரு குழந்தை 12 முதல் 18 பேருக்கு அதைத் தொற்ற வைத்துவிடும். சரி, 15 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூற்றில் 90 பேருக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டால், அந்த 15 பேரில் சிக்குவது சராசரியாக ஒன்றரைப் பேர். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் ஒன்றைவிடப் பெரியது, அதனால் ஒன்று ஒன்றரையாகி, ஒன்றரை இரண்டேகாலாகி, அப்புறம் மூன்றையும் தாண்டி, சுற்றுக்குச் சுமார் 12 நாள் என்று நோய் வளர்ந்துகொண்டே போகும். இன்னும் 5 பேரைச் சேர்த்து 95 ஆக்குங்கள். இப்போது சிக்குவது முக்கால் பேர். சங்கிலி தானாக அறுந்துவிடும். தடுப்பூசி போடும் வயதே வராத கைக்குழந்தையும் தப்பித்துவிடும்! அந்தக் கடைசி 5 பேரில் இவ்வளவு பலன் குவிந்து கிடப்பது, எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத அதிசயம்.

அதனால்தான் பணம் எவ்வளவு என்பதைப் போலவே, எப்போது வருகிறது என்பதும் முக்கியமாகிறது. பத்தாண்டுப் பணத்தைப் பத்துத் துண்டாக்கிக் கொடுத்தால், ஒவ்வோர் ஆண்டும் சங்கிலி அறும் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடலாம். விடுபட்ட குழந்தைகள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போவார்கள், ஒருநாள் நோய் மொத்தமாக வெடிக்கும். அதே தொகை முதல் இரண்டு ஆண்டுகளிலேயே கைக்கு வந்தால், விடுபட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே வீச்சில் ஊசி போட்டு எல்லையைத் தாண்டிவிடலாம்.

2006இல் தொடங்கிய தடுப்பூசிக் கடன் பத்திரம் செய்வது இதைத்தான். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, நார்வே, ஸ்பெயின், ஸ்வீடன் போன்ற நாடுகள், பல ஆண்டுகளுக்கு இவ்வளவு தருகிறோம் என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதி எழுதிக் கொடுத்தன. அந்த உறுதியை நம்பிப் பத்திரம் விற்கிறார்கள். நிதி நிர்வாகம் உலக வங்கியிடம். முதல் விற்பனையிலேயே 100 கோடி டாலர் திரண்டது. பிறகு ஜப்பானில் சாதாரணக் குடும்பங்கள்கூடத் தங்கள் சேமிப்பைப் போட்டு இந்தப் பத்திரங்களை வாங்கின. பணம், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் 'கவி' கூட்டணி வழியாகத் தட்டம்மை, போலியோ, மஞ்சள் காய்ச்சல் தடுப்புக்குப் போனது. நாடுகள் ஆண்டுதோறும் கட்டும் தவணையில் கடன் அடைகிறது.

வட்டி உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 1967 முதல் 1979 வரை பெரியம்மை ஒழிப்புக்கு ஆன செலவு சுமார் 30 கோடி டாலர், நோய் ஒழிந்த பிறகு அந்த ஊசியை எல்லோருக்கும் போட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. பாலம் கட்டக் கடன் வாங்கினால் முதலீடு என்கிறோம், தடுப்பூசிக்கு வாங்கினால் மட்டும் செலவு என்று எழுதுகிறோம். இந்தக் கணக்கு முறையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் கடன் வாங்கச் சொல்லவில்லை. செவிலியர் சம்பளம், ஆய்வகம், குளிர்பதனப் பெட்டிக்கு மின்சாரம், புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கான ஊசி இவை ஆண்டு தவறாமல் தேவைப்படுபவை. அந்தப் பணம் வரியிலிருந்துதான் வர வேண்டும், நோய் கண்ணில் படாத ஆண்டிலும்.