நாசில்: மூக்கா, முனையா?

போர்ட் லூயிசுக்கு வந்த முதல் மாதம் அது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் இரும்புத் தகடுகளுக்குத் துரு எடுக்கும் வேலை. அழுத்தக் காற்றோடு துகள்களை வீசித் துருவை உரிப்பது, மணல்வீச்சு என்பார்கள். வெளியே நின்ற மேஸ்திரி, "பீஸ் லா இன் ஃபினி" என்று கத்தினார், பீஸ் தீர்ந்துவிட்டதாம். பீஸ் என்றால் நம் ஊர்க்காரனுக்கு என்ன தோன்றும்? ஓடிப்போய் மின்பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, காற்றுக்குழாயின் நுனியில் துகளைப் பீச்சும் சின்ன உருளையை, அதாவது நாசிலை, கழற்றிக் காட்டினார். "தம்பி, பீஸ் இதுதான்." பல தலைமுறையாக மொரீஷியஸில் வாழும் தமிழ்க் குடும்பத்தவர். கோயிலில் தேவாரம், பட்டறையில் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்.

பிரெஞ்சில் நாசிலுக்கு 'ப்யூஸ்' என்று பெயர். அந்த 'யூ' கிரியோல் நாக்கில் 'ஈ' ஆகிவிடும். சர்க்கரையைக் குறிக்கும் 'து சுக்ர்' அங்கே 'திசிக்' ஆனது போலத்தான் ப்யூஸ் பீஸ் ஆனது.

ஆங்கிலத்து நாசில் இன்னும் சுவையானது. 'நோஸ்' என்ற மூக்கோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்து பிறந்த சொல். குட்டி மூக்கு, அவ்வளவுதான். 1600 வாக்கில் மெழுகுவர்த்தித் தண்டில் மெழுகுவர்த்தியைச் செருகும் குழிக்கு இந்தப் பெயர் இருந்தது. நீரோ காற்றோ பீச்சும் குழாய்வாய்க்கு அது வந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். நாசில் என்றதும் நமக்கு நாசி நினைவு வருகிறதே, அது வெறும் தற்செயல் இல்லை. நாசி வடமொழியிலிருந்து வந்தது. அந்த வடமொழிச் சொல்லும் ஆங்கில 'நோஸ்' என்பதும் ஒரே பழைய வேரில் கிளைத்த ஒன்றுவிட்ட உறவுகள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முனை, பீச்சுமுனை, கூம்புமுனை என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு முனை பிடிக்கவில்லை. காரணம் பட்டறையிலேயே இருக்கிறது. முனை என்றால் கண் நுனிக்குத்தான் போகும். தேய்வது நுனி அல்ல, உள்ளே ஓடும் துளை. வெளியே பளபளவென்று இருக்கும் நாசில் உள்ளே செத்துப்போயிருக்கும். மூக்கு என்று சொல்லிப் பாருங்கள், துளை தானாகவே நினைவுக்கு வரும். இது புதுச் சொல்லும் இல்லை. கெண்டிக்கு மூக்கு உண்டு. கொல்லுலையில் துருத்தியின் காற்று புகும் இடத்துக்கு உலைமூக்கு என்றே பெயர். மாவலி தாரை வார்க்கும்போது சுக்கிராச்சாரியார் வண்டாகிப் போய் அடைத்துக்கொண்டதும் கமண்டலத்தின் மூக்கைத்தானே! வாமனன் தர்ப்பையால் குத்தினான், குருவுக்கு ஒரு கண் போயிற்று. துகள் அடைத்துக்கொண்ட மூக்கில் கம்பியை விட்டுக் குத்தும் பையன்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இங்கே போவது கண் அல்ல, துளையைச் சுற்றி உள்ளே பதித்த கடின உள்ளுறையின் விளிம்பு. உடையக்கூடிய பொருள், சில்லுப் பெயர்ந்தால் துகள் கோணலாகப் பாயும்.

ஆகவே என் பரிந்துரை வீச்சுமூக்கு. 'மணல்வீச்சு' என்ற முன்னொட்டையும் விட்டுவிடலாம். 1870ல் பெஞ்சமின் டில்மன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியபோது வீசியது உண்மையிலேயே மணல். ஆனால் மணலிலிருந்து எழும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுத்துச் சிலிக்கோசிஸ் தருவதால் இப்போது உலோகக் கசடு, கார்னெட் என்ற கனிமம், அலுமினியம் ஆக்சைடு, எஃகுத் துகள் என்று மாறிவிட்டது. மொரீஷியஸ் கடற்கரையின் வெள்ளை மணல் பெரும்பாலும் பவளப்பாறைத் தூள். சுண்ணாம்புச் சத்து, துருவின் முன்னால் அது எடுபடாது.

இனி உழைப்பு. மூக்கு நீடித்து உழைப்பது உள்ளுறையைப் பொறுத்தது. பீங்கான் மலிவு, சீக்கிரம் தேயும், எப்போதாவது வேலை செய்பவருக்குப் போதும். கசடுத் துகள் வீசினால் டங்ஸ்டன் கார்பைடு ஏறக்குறைய 300 மணி நேரம் தாங்கும், சிலிக்கன் கார்பைடு கலவை 500 வரை, போரான் கார்பைடு 750க்கும் மேல். அதே இடத்தில் அலுமினியம் ஆக்சைடை வீசினால் டங்ஸ்டன் 20 முதல் 40 மணி நேரத்திலேயே கையை விரித்துவிடும். அங்கே போரான்தான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தடுத்த வரிசையில் நிற்கும் பொருள் அது. விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனால் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே சிக்கனம். ஒரே குறை, கீழே போட்டால் விரிசல் விடும். கைமாறிக் கைமாறிப் போகிற, தரையில் தூக்கி எறிகிற இடத்துக்கு டங்ஸ்டன்தான் பொறுமைசாலி. எங்கள் பட்டறையில் முதல் போரான் மூக்கு ஒரு வாரத்தில் போனது தேய்ந்து அல்ல, ஏணியிலிருந்து விழுந்து.

அப்புறம் துளையின் வடிவம். நேர்த்துளை நெருக்கமாகப் பாயும், குறுகிய மூலைக்கு நல்லது. நடுவில் ஒடுங்கி மறுபடி விரிவதை வெஞ்சுரி என்பார்கள், அந்த இத்தாலிய அறிஞரின் பெயர். வேகமும் அதிகம், பரப்பும் அகலம். அந்த ஒடுங்கிய இடத்துக்குத் தொண்டை என்று பெயர் வைத்தால் பொருந்தும். மூக்கு இருந்தால் தொண்டையும் இருக்க வேண்டுமே.

தொண்டை விரிந்தால் காசு கரையும். மூக்கின் எண் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும். 6ஆம் எண் என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலம். தேய்ந்து 7/16 ஆகிவிட்டால் துளையின் பரப்பு 36 சதவீதம் கூடும். கம்ப்ரெஸரும் ஏறக்குறைய அவ்வளவு கூடுதல் காற்றுத் தர வேண்டும். தராவிட்டால் அழுத்தம் சரியும், துரு போகாது, வேலை இழுக்கும். அதனால் 6ஆம் எண் மூக்குகள் இருக்கும் அலமாரியில் ஒரு 7/16 டிரில் பிட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதன் மழமழப்பான அடிப்பக்கம் தொண்டைக்குள் நுழைந்தால் அந்த மூக்கு குப்பைக்கு. மேஸ்திரி இப்போதும் பீஸ் என்றுதான் சொல்கிறார், அலமாரிச் சீட்டில் மட்டும் நான் 'மூக்கு 6, போரான்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.